ஆர்கேடில் வேலை, ஃபைட்டிங் கேமில் போட்டி: இரண்டையும் சேர்த்துக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

காசு போட்டு ஆடும் கேம் மெஷின்கள் உள்ள ஆர்கேடில் வேலைக்குச் சேர நினைக்கும், இருவர் நேருக்கு நேர் மோதும் ஃபைட்டிங் கேமின் ரசிகர்கள் பலரும் போடும் கணக்கு ஒன்றுதான்: நாள் முழுக்க மெஷின் பக்கத்திலேயே இருப்போம், ஓசியில் விளையாடுவோம், சீக்கிரம் தேறிவிடுவோம். வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே இந்தக் கணக்கு உடைந்துவிடும். வேலை நேரத்தில் உட்கார்ந்து விளையாட யாருக்கும் நேரம் இருக்காது. ஆனால் வேறு எந்த ஆட்டக்காரருக்கும் எளிதில் வாய்க்காத ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். விதவிதமான ஆட்கள் ஆடும் ஆட்டங்களைப் பக்கத்தில் நின்று, ஸ்கிரீனோடு சேர்த்துக் கையையும் பார்க்கலாம். அந்த ஸ்டிக்கும் பட்டனும் உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்று கழற்றிப் பார்க்கலாம். இந்த இரண்டையும் ஒழுங்காகப் பயன்படுத்துபவர் நிச்சயம் நல்ல ஆட்டக்காரர் ஆவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எப்படி என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: வேலை என்னவென்று தெரிந்துகொண்டு சேருங்கள்

பெரும்பாலான ஆர்கேட்களில் ஃபைட்டிங் கேம் ஒரு மூலையில் இரண்டு மூன்று மெஷினாகத்தான் இருக்கும். கடைக்கு வருமானம் தருபவை டிக்கெட் கொடுக்கும் மெஷின்கள், பொம்மை எடுக்கும் கிரேன், ரேஸிங், கூடைப்பந்து. உங்கள் நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் போகும். டிக்கெட் ரோல் மாற்றுவது, சிக்கிய டோக்கனை எடுப்பது, பரிசு கவுண்டரில் நிற்பது, பிறந்தநாள் கூட்டத்தைச் சமாளிப்பது, தரையைத் துடைப்பது, இரவில் கல்லாவை எண்ணிக் கணக்கு ஒப்படைப்பது என்று வேலை போய்க்கொண்டே இருக்கும்.

ஆகவே நேர்காணலில் "எனக்கு கேம் ரொம்பப் பிடிக்கும்" என்பதை மட்டும் சொன்னால் போதாது. முதலாளி அதை ஏற்கனவே நூறு பேரிடம் கேட்டிருப்பார். கூட்டத்தைப் பொறுமையாகக் கையாள முடியும், கணக்கில் கவனமாக இருப்பேன், சின்னச் சின்ன ரிப்பேர் கற்றுக்கொள்ளத் தயார், வார இறுதியில் வர முடியும் என்று சொல்லுங்கள். கடை நடத்துபவருக்குத் தேவைப்படுவது இதுதான். ஃபைட்டிங் கேம் ஆர்வத்தைக் கடைசியில், அதை வைத்துக் கடைக்கு என்ன செய்ய முடியும் என்ற கோணத்தில் சொல்லலாம்: "கூட்டம் குறைவான ஒரு நாளில் போட்டி நடத்தித் தருகிறேன்" என்பது நல்ல வாக்கியம். அதை எப்படி நடத்துவது என்று படி 8-இல் பார்ப்போம்.

படி 2: கடை திறக்கும்போது செய்ய வேண்டியவை

மெஷின்களை ஒரே நேரத்தில் ஆன் செய்யாதீர்கள். ஆன் ஆகும் நொடியில் ஒவ்வொன்றும் வழக்கத்தைவிட அதிக மின்சாரம் இழுக்கும். எல்லாம் சேர்ந்தால் பிரேக்கர் விழுந்துவிடும். ஒரு வரிசை, சில நொடி இடைவெளி, அடுத்த வரிசை என்று போங்கள்.

அடுத்து ஃபைட்டிங் கேம் மெஷின்களுக்கு வாருங்கள். காயின் கதவைத் திறந்தால் உள்ளே டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் ஆபரேட்டர் மெனு வரும். அதில் இன்புட் டெஸ்ட் என்ற பக்கத்தில், நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு பட்டனும் திசையும் ஸ்கிரீனில் மாறிக் காட்டும். இரண்டு பக்கத்தையும் சோதியுங்கள். வெறுமனே தட்டிப் பார்த்து விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு பட்டனையும் இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பிடித்திருக்கும்போதே ஸ்கிரீனில் விட்டுவிட்டு மினுக்கினால், ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது அல்லது அதில் செருகிய வயர் தளர்ந்திருக்கிறது. தட்டினால் சரியாகத் தெரியும் பட்டன் பிடித்தால் மட்டும் காட்டிக்கொடுக்கும். இந்தப் பழுதைக் காலையில் நீங்கள் பிடிக்காவிட்டால், மாலையில் காசு போட்ட ஒருவர் கடைசி ரவுண்டில் பிடிப்பார்.

டெஸ்ட் பட்டன் பக்கத்திலேயே சர்வீஸ் பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் காசு மீட்டர் ஓடாமல் கிரெடிட் ஏறும். காசு விழுங்கிய மெஷினில் வாடிக்கையாளருக்கு ஆட்டத்தைத் திருப்பித் தர வைத்திருக்கும் வசதி அது. உங்களுக்காகவோ நண்பர்களுக்காகவோ அதைத் தொடாதீர்கள். வேலை போய்விடும் என்பது ஒரு காரணம். இந்த வேலையில் நம்பிக்கைதான் எல்லாமே என்பது அதைவிடப் பெரிய காரணம். கடை மூடிய பிறகு அரை மணி நேரம் பயிற்சி செய்யலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்பவருக்குப் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

படி 3: ஸ்டிக்கையும் பட்டனையும் கழற்றக் கற்றுக்கொள்ளுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு ஆர்கேட் ஸ்டிக்கின் அடியில் நான்கு மைக்ரோஸ்விட்சுகள்தான் இருக்கும்: மேல், கீழ், இடம், வலம். எட்டுத் திசையும் அந்த நான்கில் இருந்தே வருகின்றன. சாய்வுத் திசை என்பது பக்கத்துப் பக்கத்து ஸ்விட்சுகள் இரண்டும் ஒன்றாக அழுந்துவது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் புகார்களுக்கு விடை கிடைத்துவிடும்.

எடுத்துக்காட்டாக ஒருவர் வந்து, "ஹடோகென் வரவே மாட்டேங்குது, வெறும் பஞ்ச்தான் வருது" என்கிறார். ஹடோகென் என்பது ஸ்டிக்கைச் சுழற்றி பஞ்சை அழுத்தினால் வரும் தீப்பந்து. அந்த அசைவு கீழ், கீழ்-முன், முன். கீழ் ஸ்விட்ச் மட்டும் செத்திருந்தால் மெஷினுக்கு முதல் திசை போய்ச் சேராது, இரண்டாவது திசை வெறும் முன் என்று பதிவாகும், மூன்றாவதும் முன். ஆக மொத்தம் மெஷின் பார்ப்பது முன்னே தள்ளி ஒரு பஞ்ச், அவ்வளவே. இன்புட் டெஸ்டில் கீழே இழுத்துப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர் கை மேலும் குறை இருக்கலாம், ஆனால் முதலில் மெஷினைச் சந்தேகியுங்கள்.

பட்டன்களில் ஜப்பானிய வகை, அமெரிக்க வகை என்று இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. சான்வா போன்ற ஜப்பானிய பட்டன்கள் 30 மில்லிமீட்டர் துளையில் உட்காரும், லேசாகத் தொட்டாலே அழுந்தும். ஸ்டார்ட் பட்டனுக்கு 24 மில்லிமீட்டர். அவற்றில் செருகும் வயர் முனை 2.8 மில்லிமீட்டர். ஹேப் போன்ற அமெரிக்க வகையில் அடியில் தனி மைக்ரோஸ்விட்ச் மாட்டியிருக்கும், அதன் முனை 4.8 மில்லிமீட்டர். பாகம் வாங்கி வைக்கும்போது இதைக் கவனிக்காவிட்டால் புதுப் பட்டன் கையில் இருந்தும் மாட்ட முடியாமல் நிற்பீர்கள்.

குளிர்பானம் சிந்தி ஒட்டிக்கொண்ட பட்டனுக்கு மெஷினை அணைத்துவிட்டு, வயரைப் பிடுங்கி, பக்கவாட்டுக் கொக்கிகளை அழுத்தி வெளியே எடுங்கள். பிளாஸ்டிக் பகுதியைக் கழுவி நன்றாக உலர விட்டு மாட்டுங்கள். ஸ்டிக்கின் மையத்தில் உருளும் இடத்தில் சிலிக்கான் கிரீஸ் துளியளவு போதும். ஸ்விட்சுக்குள் கிரீஸ் போகக் கூடாது. ஸ்கிரீன் மேலும் பேனல் மேலும் இருக்கும் அக்ரிலிக் தகட்டை ஆல்கஹாலாலோ அமோனியா கலந்த கண்ணாடி கிளீனராலோ துடைக்காதீர்கள், நாளடைவில் நுண்ணிய விரிசல் விழும். லேசான சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

பழைய கேபினெட்களில் இன்னொரு விஷயம். கேம் போர்டை கேபினெட்டோடு இணைக்க 1985-இல் ஜப்பானில் வந்த ஜம்மா என்ற இணைப்பு முறையில் 56 முனைகள் உண்டு. ஓர் ஆட்டக்காரருக்கு அதில் மூன்று பட்டன்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற ஃபைட்டிங் கேமுக்குத் தேவைப்பட்டது ஆறு: மூன்று பஞ்ச், மூன்று கிக். அதனால் மூன்று கிக் பட்டன்களுக்கும் தனியாக ஒரு வயர்க் கட்டு போகும். அப்படிப்பட்ட மெஷினில் இரண்டு பக்கமும் மூன்று கிக்கும் ஒரேயடியாக வேலை செய்யவில்லை என்றால் ஆறு பட்டன்களையும் கழற்ற வேண்டாம். அந்த ஒரு வயர்க் கட்டு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டத்தின் நடுவே மெஷின் தானாக ரீசெட் ஆகிறதென்றால் போர்டுக்குப் போகும் 5 வோல்ட் குறைந்திருக்கலாம். அதை பவர் சப்ளையில் அளக்காமல் போர்டு முனையில் அளக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை, இதில் விளையாட்டே வேண்டாம்: பழைய படக்குழாய் மானிட்டரின் பின்பக்கத்தில் கை வைக்காதீர்கள். அதில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும்; மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் குழாயில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அது பயிற்சி பெற்ற டெக்னீஷியனின் வேலை.

படி 4: வரிசையை நியாயமாக நடத்துங்கள்

ஃபைட்டிங் கேம் மெஷினுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார். அடுத்து ஆட விரும்புபவர் தன் காயினை மெஷின் விளிம்பில் வைத்து இடம் பிடிப்பார். பல ஊர்களில் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது. டோக்கனுக்குப் பதில் கார்டு வந்துவிட்ட கடையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் பெயர் எழுதச் சொல்லுங்கள். "நான்தான் முதலில் வந்தேன்" என்ற சண்டை அதோடு நின்றுவிடும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது புதிதாக வருபவரை. ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் உட்கார்ந்திருக்கிறார், புதியவர் காசு போடுகிறார், ஒரு நிமிடத்தில் ஓர் அடிகூட அடிக்காமல் வெளியே வருகிறார். இரண்டு முறை இப்படி நடந்தால் அவர் திரும்பி வரமாட்டார். புதியவர்கள் வராத மெஷினை முதலாளி ஒருநாள் எடுத்துவிட்டு அங்கே கிரேன் வைத்துவிடுவார். அதனால் வாரத்தில் ஒரு நேரத்தைப் புதியவர்களுக்கென ஒதுக்கும்படி கேளுங்கள். தேர்ந்தவர்களிடமும் தனியாகப் பேசுங்கள்: "அண்ணா, அந்தத் தம்பிக்கு எப்படி பிளாக் பண்றதுன்னு ஒரு தடவை சொல்லிக் குடுங்களேன்." இப்படிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் செய்வார்கள், தங்களுக்குத் தெரிந்ததை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவர்களும் காத்திருக்கிறார்கள்.

காசு விழுங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் வாதாடாமல் கிரெடிட் கொடுத்துவிட்டு, மெஷின் எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். ஒரே மெஷினின் பெயர் அடிக்கடி வந்தால் காயின் பெட்டியில்தான் குறை. மெஷினைக் குத்துபவரை முதல் முறையே அமைதியாகவும் உறுதியாகவும் நிறுத்துங்கள். கடைக்குள் பணப் பந்தயம் வேண்டாம்.

படி 5: பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். வேலையில் இருக்கும்போது உங்கள் கை சும்மா இருக்காது, கண் இருக்கும். துடைத்துக்கொண்டே, டிக்கெட் ரோல் மாற்றிக்கொண்டே, வரிசையைப் பார்த்துக்கொண்டே ஒரு ரவுண்டைப் பார்க்கலாம். என்ன பார்ப்பது என்று தெரியாமல் பார்த்தால் அது வெறும் வேடிக்கை. மூன்று தருணங்களை மட்டும் பாருங்கள்.

முதலாவது, கீழே விழுந்தவர் எழும் நொடி. அந்த நேரத்தில் ஒருவரால் செய்ய முடிந்தவை கொஞ்சம்தான்: பிளாக் பண்ணலாம், பட்டனை அழுத்தலாம், குதிக்கலாம், த்ரோவை (பிளாக்கையும் மீறிப் பிடித்து எறிவதை) உடைக்கலாம், ஷோரியுகென் (மேலே பாயும் குத்து) மாதிரி எதையாவது வீசிப் பார்க்கலாம். ஒருவர் இதில் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்று நான்கைந்து முறை பாருங்கள். பெரும்பாலானவர்கள் ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

இரண்டாவது, தன் அடி பிளாக் ஆன பிறகு அவர் செய்வது. சிலர் பின்வாங்குவார்கள். சிலர் தன் முறை முடிந்துவிட்டது என்று தெரியாமல் இன்னொரு பட்டனை அழுத்துவார்கள். அந்த இன்னொரு பட்டன்தான் நீங்கள் அவரைத் தோற்கடிக்கப்போகும் இடம்.

மூன்றாவது, உயிர்க்கோடு கால்வாசிக்குக் கீழே போனதும் வரும் மாற்றம். ஒரு சிலர் கல்லாக உறைந்து பிளாக் மட்டுமே பண்ணுவார்கள், அவர்களைத் த்ரோ பண்ணலாம். வேறு சிலர் குதிக்க ஆரம்பிப்பார்கள்.

அப்புறம் கையைப் பாருங்கள். வீட்டில் இருந்து ஆன்லைனில் ஆடுபவர் பார்க்க முடியாதது இது. நல்ல ஆட்டக்காரர் அடி படுவதற்கு முன்பே சூப்பர் என்ற பெரிய தாக்குதலுக்கான அசைவை முடித்துவிட்டுக் கடைசிப் பட்டனை மட்டும் நிறுத்தி வைத்திருப்பார். முதல் அடி பட்டது தெரிந்தால்தான் அழுத்துவார். ஸ்கிரீனில் அது மின்னல் வேக முடிவாகத் தெரியும். கையில் பார்த்தால், பாதி வேலை முன்பே முடிந்திருந்தது புரியும். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, பெயர், கேரக்டர், மூன்று தருணங்களிலும் பார்த்தது என்று ஒரு வரி எழுதுங்கள். வேலை முடிந்து அதே ஆளோடு ஆடும்போது அந்த வரி எவ்வளவு உதவுகிறது என்று பார்ப்பீர்கள். அவரிடமே கேட்கவும் தயங்க வேண்டாம். "அந்தக் கடைசி ரவுண்டில் ஏன் பின்னால போனீங்க?" என்று கேட்டால் பதில் சொல்லாத ஆட்டக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட இடங்களில் இருந்துதான் பெரிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். லாகூரின் ஆர்கேட்களில் வளர்ந்த அர்ஸ்லான் ஆஷ் 2019-இல் ஈவோ என்ற பெரிய ஃபைட்டிங் கேம் போட்டியின் ஈவோ ஜப்பான், லாஸ் வேகாஸ் ஈவோ இரண்டிலும் டெக்கன் 7 கேமில் பட்டத்தை வென்றார். அதுவரை பாகிஸ்தானில் அவ்வளவு வலுவான ஆட்டம் நடக்கிறது என்று வெளியே பலருக்குத் தெரியாது. தங்களுக்குள் ஆடி, ஒருவரை ஒருவர் பார்த்துப் படித்தே அவர்கள் அந்த உயரத்துக்குப் போயிருந்தார்கள்.

படி 6: ஒரு கேம், ஒரு கேரக்டர், கொஞ்சம் ஃபிரேம் கணக்கு

கடையில் எந்த கேமுக்கு ஆள் வருகிறதோ அதையே எடுங்கள். ஆடுவதற்கு ஆள் இருப்பதே முக்கியம். கேரக்டர் யார் வலிமையானவர் என்ற பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். யாரை வைத்து ஆடினால் தோற்றாலும் இன்னொரு ஆட்டம் ஆடத் தோன்றுகிறதோ அவரே சரி. குறைந்தது சில மாதம் மாற்றாதீர்கள்.

இப்போது கணக்கு. ஃபைட்டிங் கேம்கள் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடும். ஒரு ஃபிரேம் கிட்டத்தட்ட 16.7 மில்லிநொடி. ஒவ்வோர் அடிக்கும் மூன்று பகுதி: அடி வெளியே வர ஆகும் நேரம், படக்கூடிய நேரம், கை திரும்ப ஆகும் நேரம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மிக வேகமான சாதாரண அடி 4 ஃபிரேமில் வெளியே வரும். கண்ணால் ஒன்றைப் பார்த்துக் கை அசைய சாதாரணமாக 200 மில்லிநொடிக்கு மேல் ஆகும், அதாவது 12 ஃபிரேமுக்கு மேல். ஆகவே 4 ஃபிரேம் அடியைப் பார்த்து பிளாக் பண்ண மனிதரால் முடியாது, அதை முன்கூட்டியே ஊகிக்கத்தான் வேண்டும். அதே கேமில் டிரைவ் இம்பாக்ட் என்ற கனமான அடி வர 26 ஃபிரேம் ஆகும். ஒரு குதிப்பு 40 ஃபிரேமுக்கு மேல் நீடிக்கும். இவை இரண்டையும் பார்த்துப் பதிலடி கொடுக்கலாம். எதைப் பார்த்துச் செய்ய முடியும், எதை ஊகித்தே ஆக வேண்டும் என்ற இந்தப் பிரிவினை மனதில் தெளிவானால் ஆட்டம் பாதி அமைதியாகிவிடும். எதைத் தடுக்க முடியாமல் போனதற்கு வருத்தப்பட வேண்டாம், எதற்குப் பயிற்சி வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது பிளாக் ஆன பிறகான கணக்கு. ஓர் அடி பிளாக்கில் மைனஸ் 4 என்றால், அடித்தவரைவிட 4 ஃபிரேம் முன்பே தடுத்தவர் அசையலாம். 4 ஃபிரேம் அடி தூரத்துக்குள் எட்டினால் அது தண்டனை, தடுக்கவே முடியாது. டெக்கனில் சாதாரண ஜாப் (வேகமான சின்னக் குத்து) 10 ஃபிரேம் என்பதால் அங்கே மைனஸ் 10 என்பதுதான் எல்லைக்கோடு. உங்கள் கடையில் அடிக்கடி வரும் ஐந்தாறு கேரக்டர்களின் ஆபத்தான அடிகளை மட்டும் முதலில் மனப்பாடம் செய்யுங்கள். முழு அட்டவணை தேவையில்லை.

அட்டவணைகளில் 236, 623 என்று எண்கள் வரும். கணினி கீபோர்டின் வலப்பக்க எண்பலகையை ஸ்டிக்காக நினைத்துக்கொள்ளுங்கள்: 5 நடு, 8 மேல், 2 கீழ், 6 முன், 4 பின். கேரக்டர் வலப்பக்கம் பார்த்து நிற்பதாக எழுதுவது வழக்கம். ஹடோகென் 236, ஷோரியுகென் 623.

படி 7: பயிற்சியை இந்த வரிசையில் செய்யுங்கள்

எல்லோரும் நீளமான காம்போவில், அதாவது முதல் அடி பட்டபின் எதிராளி தடுக்க முடியாதபடி தொடரும் அடிகளில், ஆரம்பிப்பார்கள். காம்போ என்பதே ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 உருவானபோது திட்டமிடாமல் வந்த ஒன்று. தயாரிப்பாளர்கள் அதைக் கவனித்தும் நீக்காமல் விட்டதால் இந்த வகை கேம்கள் அனைத்துக்கும் அடையாளமாகிப்போனது. கண்ணுக்கு அழகு, உண்மைதான். ஆனால் முதல் அடி படாமல் காம்போவே இல்லை.

முதலில் நடை. முன்னே பின்னே நடந்து, எதிராளியின் நீளமான அடி ஒரு விரல் இடைவெளியில் தவறும்படி நிற்கப் பழகுங்கள். இரண்டாவது, குதித்து வருபவரை அடித்துக் கீழே தள்ளுவது. ட்ரெய்னிங் மோடில் எதிரே நிற்கும் பயிற்சிப் பொம்மையைச் சிலநேரம் குதிக்கவும் சிலநேரம் சும்மா நிற்கவும் பதிவு செய்து, கலந்து ஓடவிட்டு அடியுங்கள். ஒரே மாதிரி குதிக்கும் பொம்மையை அடிப்பது பயிற்சியே இல்லை. மூன்றாவது, த்ரோ போடுவதும் உடைப்பதும். நான்காவது, ஒரே ஒரு தண்டனை அடி. அதற்கப்புறம் மூன்று நான்கு அடி கொண்ட ஒரு காம்போ. பத்து முறை தொடர்ந்து வந்தால்தான் அது உங்களுடையது, அதுவும் இரண்டு பக்கமும். ஆர்கேடில் எந்தப் பக்கம் காலியோ அங்கேதான் உட்கார முடியும், வலப்பக்கம் வராது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பட்டன் அறிவு இங்கே கை கொடுக்கும். சதுர கேட் (ஸ்டிக் அசையும் எல்லையை வகுக்கும் சட்டம்) உள்ள ஸ்டிக்கில் சாய்வுத் திசைகள் மூலையில் இருக்கும். மூலை வரை முட்டவேண்டிய அவசியம் இல்லை. ஸ்விட்ச் அழுந்தும் சின்னச் சத்தம் கேட்டாலே போதும். இன்புட் டெஸ்டில் பார்த்துப் பழகிய கைக்கு இது தானாக வந்துவிடும், அசைவுகள் சின்னதாகி வேகம் கூடும்.

கடையில் ஆள் இல்லாத நேரத்துக்கு ஆன்லைன் நல்ல துணை. ஈவோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான டோனி கேனன் 2006-இல் உருவாக்கிய ஜிஜிபிஓ என்ற மென்பொருள் ரோல்பேக் முறையைப் பரப்பியது. தூரத்தில் இருப்பவரோடு ஆடும்போதும் உங்கள் பட்டன் உடனே வேலை செய்ய வைக்கும் முறை அது. ரோல்பேக் உள்ள கேமாகப் பார்த்து ஆடுங்கள்.

படி 8: போட்டிக்குப் போங்கள், பிறகு நடத்துங்கள்

1996-இல் கலிஃபோர்னியாவில் 40 பேரோடு தொடங்கிய போட்டிதான் இன்று ஈவோ. அதில் 2004-இல் நடந்த ஒரு நிமிடத்தை இன்றும் எல்லோரும் பேசுகிறார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 ஆட்டத்தில் டைகோ உமெஹாராவின் கேரக்டரான கென்னுக்கு உயிர்க்கோடு துளிதான் மிச்சம்; ஜஸ்டின் வாங்கின் சுன்-லி சூப்பரை விடுகிறார்; வெறுமனே பிளாக் பண்ணினாலும் கென் சாவார். டைகோ ஒவ்வோர் உதையையும் பாரி செய்து (அடி படும் நொடியில் ஸ்டிக்கைத் தட்டிச் சேதமின்றித் தடுத்து), திருப்பி அடித்து அந்த ரவுண்டை வென்றார். முதல் பாரிக்கு ஸ்டிக்கை முன்னே தட்ட வேண்டிய நேரத்தில் சூப்பர் வந்ததைப் பார்த்து முடிவெடுக்க அவகாசமே கிடையாது. ஜஸ்டின் அதைத்தான் செய்வார் என்று அவர் எதிர்பார்த்துக் காத்திருந்தார். படி 5-இல் சொன்ன பார்வை உச்சத்தில் இப்படித்தான் இருக்கும். அன்றைய இறுதி ஆட்டத்தில் டைகோ தோற்றார் என்பது பலருக்கு ஞாபகம் இல்லை.

பெரும்பாலான போட்டிகள் இரட்டை எலிமினேஷன் முறையில் நடக்கும். ஒருமுறை தோற்றால் லூசர்ஸ் பக்கம் போவீர்கள், இரண்டாவது முறை தோற்றால்தான் வெளியே. மூன்றில் இரண்டு வென்றால் ஒரு ஆட்டம், கடைசிக் கட்டங்களில் ஐந்தில் மூன்று. லூசர்ஸ் பக்கத்தில் இருந்து இறுதிக்கு வருபவர் பட்டம் வெல்ல இரண்டு முறை ஜெயிக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் பட்டன் அமைப்பைச் சரிபாருங்கள், அவசரப்படாதீர்கள். கன்ட்ரோலரில் வயர்லெஸ் இணைப்பு இருந்தால் ஆடி முடித்ததும் துண்டித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கையில் இருக்கும் கன்ட்ரோலர் அடுத்தவர் ஆட்டத்தை நிறுத்திவிடும். நடுவில் ஆட்டத்தை நிறுத்தும் பாஸ் பட்டன் பட்டால் அந்த ரவுண்டையே இழக்க வைக்கும் விதி பல இடங்களில் உண்டு. ஸ்டிக் இல்லாமல் திசைக்கும் பட்டன் வைத்த கன்ட்ரோலர் கொண்டுபோவதாக இருந்தால், இடமும் வலமும் ஒன்றாக அழுத்தினால் என்ன ஆக வேண்டும் என்ற விதியை முன்பே படியுங்கள்.

தோற்றதும் எதிராளியின் கையைக் குலுக்கி, "நான் எதைத் திரும்பத் திரும்பச் செய்தேன்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலை நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே எழுதுங்கள்.

உங்கள் கடையிலேயே போட்டி நடத்தும்போது நேரக் கணக்கு முதலில். 16 பேர் இரட்டை எலிமினேஷனில் 30 அல்லது 31 ஆட்டம் வரும். ஓர் ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் வைத்தால், இரண்டு மெஷினில் இரண்டரை மணி நேரம். ஆனால் கடைசி ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும், ஆகவே மூன்றரை மணி நேரம் என்று முதலாளியிடம் சொல்லுங்கள். ஒரே இடத்தில் அடிக்கடி சேர்ந்து ஆடுபவர்கள் முதல் சுற்றிலேயே மோதாதபடி பெயர்களைப் பிரித்துப் போடுங்கள். பரிசு எப்படிப் பிரியும் என்பதைப் பெயர் பதியும்போதே எழுதி ஒட்டுங்கள், உங்கள் ஊர்ச் சட்டம் நுழைவுக் கட்டணப் பரிசைப் பற்றி என்ன சொல்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நடத்துபவர் நீங்கள் என்றால் அன்று ஆடாமல் இருப்பதே நல்லது. ஒரே ஒரு சந்தேகமான தீர்ப்பு வந்தால்கூட மொத்தப் போட்டியின் பெயரும் கெடும்.

படி 9: உடம்பும் சம்பளமும்

ஆர்கேடின் சத்தம் சாதாரணம் இல்லை. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்பது அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். சாதாரண ஃபோம் இயர்பிளக் போட்டுக்கொண்டு வேலை பார்க்கலாம், கூப்பிடுவது கேட்கும். மணிக்கட்டோ கட்டைவிரலோ வலித்தால் அன்றைக்கு ஆடுவதை நிறுத்துங்கள். மரத்துப்போவது, கூசுவது தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். கைதான் உங்கள் வேலைக்கும் வேண்டும்.

பணத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். 2024-இல் நடந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் போட்டியான கேப்காம் கப் 10-இல் தைவானின் யூமா பத்து லட்சம் டாலர் வென்றார். அப்படி ஒரு பரிசு வருடத்துக்கு ஒருவருக்கு. பரிசை நம்பி வேலையை விடாதீர்கள். ஆர்கேட் அனுபவத்தில் இருந்து நடக்கக்கூடிய வழிகள் வேறு இருக்கின்றன: மெஷின் டெக்னீஷியன், ஸ்டிக் மாற்றியமைத்துத் தருபவர், போட்டி ஒருங்கிணைப்பாளர், வர்ணனையாளர். நோட்டில் எழுதிப் பழகியவருக்கு வர்ணனை இயல்பாக வரும், ஆட்டக்காரர் அடுத்து என்ன செய்வார் என்று முன்பே சொல்லத் தெரியும். வெளியூர்ப் போட்டிக்குப் பதிவு செய்த அன்றே ஷிஃப்ட் மாற்றம் கேட்டுவிடுங்கள். வார இறுதியில் ஆள் கிடைப்பது கடினம், உங்களுக்காக நின்ற நண்பருக்கு அடுத்த வாரம் நீங்கள் நில்லுங்கள்.